கருத்தடை வளையம்: தெரிந்து தேர்ந்தெடுப்போம்



தோட்டத்துத் தாய்மார்களுக்கும் அவர்களுடைய கணவன்மார்களுக்கும் பயன்படக்கூடிய ஒரு சிறு சாதனத்தைப் பற்றி இன்று பேச இருக்கிறேன். சிலர் அதை 'லூப்' என்கிறார்கள். சிலர் 'வளையம்' என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் 'காப்பர் டி' என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப் போடுவதற்காகக் கருப்பைக்குள் வைக்கப்படும் சாதனம் அது.

லயத்துக்கு லயம் இதைப் பற்றிப் பல பேச்சு உண்டு. 'பத்து வருடமாக வைத்திருக்கிறேன், ஒரு தொல்லையும் இல்லை' என்பார் ஒரு தாய். 'அதைப் போட்ட நாளிலிருந்துதான் என் உடம்பே கெட்டது' என்பார் பக்கத்து வீட்டுத் தாய். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஒருவருக்கு மிக நன்றாகப் பொருந்தும் சாதனம் இன்னொருவருக்குப் பொருந்தாமல் போகலாம். ஆகவே, 'லூப் நல்லதா, கெட்டதா?' என்று கேட்பதைவிட, 'என் உடம்புக்கும் என் வேலைக்கும் என் குடும்ப நிலைக்கும் அது ஒத்துவருமா?' என்று கேட்பதே சரியான கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை காண உதவுவதுதான் இந்தப் பேச்சின் நோக்கம்.

முதலில் சிங்கப்பூரின் அனுபவத்தைச் சொல்லுகிறேன். தோட்டத்தில் இருப்பவர்களுக்குப் பட்டணத்துக் கதை எதற்கு என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரும் ஒரு காலத்தில் தோட்டங்கள் நிறைந்த தீவுதான். செம்பவாங், நீ சூன் வட்டாரங்களில் ரப்பர் மரங்கள் நின்றன. நம்மவர்கள் அங்கே பால் வெட்டினார்கள். குடும்பத் திட்டத்தை ஒரு நாடு முழுவதும் கொண்டுபோனால் என்னென்ன நன்மை வரும், என்னென்ன தவறு நேரும் என்பதை அந்தச் சிறு தீவு இருபது ஆண்டுகளுக்குள் பார்த்துவிட்டது. அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் சிங்கப்பூரில் பசியும் நோயும் மிகுந்திருந்தன. பட்டினி கிடந்த பிள்ளைகளுக்குச் சோறு போடும் நிலையங்களில் தொண்டு செய்தவர்களில் ஒருவர் கான்ஸ்டன்ஸ் கோ என்னும் சீனப் பெண்மணி. வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு போட்டால் மட்டும் போதாது, அடுத்தடுத்துப் பெற்றுக் களைத்துப்போன தாய்க்கும் ஒரு வழி காட்ட வேண்டும் என்று கருதியவர்கள் ஒன்றுசேர்ந்து 1949ஆம் ஆண்டில் குடும்பத் திட்டச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1952இல் பம்பாயில் நடந்த மாநாட்டில் அனைத்துலகக் குடும்பத் திட்டச் சம்மேளனம் உருவானபோது, அதைத் தோற்றுவித்த சங்கங்களில் இந்தியச் சங்கமும் இருந்தது; சிங்கப்பூர்ச் சங்கமும் இருந்தது.

தனி நாடானதும் சிங்கப்பூர் அரசு இந்தப் பணியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1966ஆம் ஆண்டு ஜனவரியில் 'குடும்பத் திட்ட, மக்கள்தொகை வாரியம்' அமைந்தது. தாய் சேய் நல நிலையங்களிலேயே கருத்தடை ஆலோசனையும் கிடைத்தது. அப்போது பிரசவம் என்றால் தேக்காவுக்குப் பக்கத்தில் உள்ள கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரிதான். மலாய் மொழியில் அந்தப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். சிராங்கூன் சாலையை ஒட்டி நம்மவர்கள் மாட்டு வியாபாரம் செய்த காலத்தின் நினைவு அந்தப் பெயரில் நிற்கிறது. 1924இல் மகப்பேற்று மருத்துவமனையான அந்த இடத்தில், 1966ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. ஒரு நாளைக்கு நூற்றுக்கும் மேல்! ஒரே மருத்துவமனையில் அத்தனை பிரசவம் வேறெங்கும் நடந்ததில்லை என்று கின்னஸ் நூலில் பதிவாகியது. பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும் தாய்மாரிடம் வார்டிலேயே சென்று குடும்பத் திட்டத்தைப் பற்றிப் பேசும் ஏற்பாடும் அங்கே நடந்தது.

அந்தத் தொடக்க காலத்தில் வாரியம் முன்னே வைத்த சாதனம் எது தெரியுமா? இதே லூப்தான். ஒருமுறை வைத்துவிட்டால் போதும், தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதால் அது பாமர மக்களுக்கு ஏற்றது என்று கருதினார்கள். ஆனால் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. உதிரப்போக்கு அதிகமானது என்றும், வயிற்றுவலி என்றும், தானாகவே கழன்று விழுந்துவிட்டது என்றும் பெண்கள் திரும்பி வந்தார்கள். பலர் எடுத்துவிடச் சொன்னார்கள். விரைவிலேயே லூப் பின்னுக்குப் போய், கருத்தடை மாத்திரை முதலிடத்துக்கு வந்தது.

இந்தியாவிலும் இதே கதைதான். 1965ஆம் ஆண்டில் லூப் அங்கே அரசுத் திட்டமானது. ஓரிரு ஆண்டுகளில் பல லட்சம் பெண்களுக்கு அதை வைத்தார்கள். இத்தனை பேருக்கு வைத்தாக வேண்டும் என்று கணக்குப் போட்டு வேலை செய்தார்களே தவிர, வைத்த பிறகு யாருக்கு என்ன ஆனது என்று போய்ப் பார்க்க ஆள் போதவில்லை. கொஞ்சம் அதிகமாக உதிரம் போனாலும் பெண்கள் பயந்தார்கள். அந்தப் பயம் வதந்தியாக மாறியது. லூப்புக்கு வருபவர்கள் குறைந்துபோனார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? வைப்பதற்கு முன் விளக்கிச் சொல்வதும், வைத்த பின் கவனித்துக்கொள்வதும் இல்லாவிட்டால் நல்ல சாதனமும் கெட்ட பேர் எடுக்கும்.

இன்னொரு பாடமும் உண்டு. சிங்கப்பூரில் 1972இல் 'இரண்டோடு நிறுத்துங்கள்' என்ற பிரசாரம் பலமாக நடந்தது. அடுத்தடுத்த பிள்ளைக்குப் பிரசவக் கட்டணம் கூடியது. மூன்றாவது பிள்ளைக்குச் சம்பளத்தோடு கூடிய பிரசவ விடுப்பு இல்லாமல் போனது. 1984இல், படிப்பும் வருமானமும் குறைந்த, 30 வயதுக்குட்பட்ட தாய்மார் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகளோடு கருத்தடை அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி தருவதாகவும் அறிவித்தார்கள். 1986இல் அந்த வாரியம் கலைக்கப்பட்டது. 1987 மார்ச் மாதம் பேச்சே தலைகீழானது: 'வசதி இருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள்ளுங்கள்' என்றார்கள். 1965இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக நான்கரைக்கும் மேல் இருந்த பிள்ளைப்பேறு, 2023இல் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது.

அரசின் எண்ணம் பதினைந்தே ஆண்டுகளில் மாறியது. அறுவை செய்துகொண்டிருந்த தாய் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள நினைத்தாலும் உடம்பு இடம் கொடுக்காது. வளையம் வைத்திருந்த தாய் ஆஸ்பத்திரிக்குப் போய் 'எடுத்துவிடுங்கள்' என்று சொன்னால் போதும். நிரந்தர முறைக்கும் தற்காலிக முறைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய செய்தி அல்ல. நீலகிரியில் சில தேயிலைத் தோட்டங்களில், தென்னிந்தியத் தோட்ட முதலாளிகள் சங்கமான 'உபாசி' 1971இல் ஒரு திட்டம் தொடங்கியது. பெண் தொழிலாளி கருத்தரிக்காமல் இருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் 5 ரூபாய் அவர் பேரில் சேமிப்பில் போடப்பட்டது. மேலும் மேலும் பிள்ளை பெற்றால் சேமிப்பிலிருந்து ஒரு பகுதியை இழக்க வேண்டும். இலங்கையில் 1980 முதல் கருத்தடை அறுவைக்கு அரசு பணம் கொடுத்தது. மலையகத் தோட்டங்களில் அது நடந்த விதத்தைப் பற்றி இன்றும் மனக்குறை உண்டு. பணத்துக்காகவோ, துரை சொன்னார், டாக்டர் சொன்னார் என்பதற்காகவோ எடுக்கும் முடிவு வேறு. விஷயத்தைத் தெரிந்துகொண்டு, கணவனும் மனைவியும் மனமொத்து எடுக்கும் முடிவு வேறு. பெண்ணின் உடம்பில் செய்யும் காரியத்துக்கு அந்தப் பெண்ணின் முழுச் சம்மதம் வேண்டும்.

சரி, இந்தச் சாதனம் என்ன, எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

1920களில் ஜெர்மனியில் கிராபென்பெர்க் என்ற டாக்டர் வெள்ளிக் கம்பியால் செய்த வளையத்தைக் கருப்பைக்குள் வைத்துப் பார்த்தார். 'வளையம்' என்ற பேர் அதற்குப் பொருத்தமான பேர்தான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் லிப்பீஸ் என்ற டாக்டர், பாம்புபோல வளைந்து வளைந்து செல்லும் பிளாஸ்டிக் சாதனத்தைச் செய்தார். 'லூப்' என்ற பேர் அதிலிருந்து வந்தது. சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் முதலில் பரவியது இதுதான். அதில் வெறும் பிளாஸ்டிக் மட்டுமே உண்டு. மருந்தோ உலோகமோ கிடையாது. சரியாக வேலை செய்ய அது கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டியிருந்தது. பெரிதாக இருந்ததால் வலியும் உதிரப்போக்கும் கூடின.

1960களின் கடைசியில் சிலி நாட்டு டாக்டர் சிப்பர் என்பவர், சிறிது செம்பைச் சேர்த்தால் கருத்தடைச் சக்தி மிகவும் கூடுகிறது என்று கண்டுபிடித்தார். அமெரிக்க டாக்டர் டாட்டம் ஆங்கில எழுத்து 'டி' வடிவத்தில் சிறிய சட்டத்தை அமைத்திருந்தார். இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் காப்பர் டி. இன்று நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் வைப்பது இதைத்தான். நாம் பழக்கத்தில் லூப் என்று சொன்னாலும், பாட்டி காலத்து லூப்பும் இன்றைய காப்பர் டியும் ஒன்றல்ல. பாட்டி பட்ட கஷ்டத்தை அப்படியே இன்றைய சாதனத்தின் மேல் ஏற்றிச் சொல்லக்கூடாது.

காப்பர் டி ஏறத்தாழ மூன்றரை சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். தீக்குச்சியைவிடக் குட்டையானது. மெல்லிய பிளாஸ்டிக்கின் மேல் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அடியில் நூல் தொங்கும். செம்பிலிருந்து மிக நுண்ணிய அளவில் துகள் கசியும். அது ஆணின் விந்தணுவை வலுவிழக்கச் செய்கிறது. விந்தணு முட்டையைப் போய்ச் சேர முடிவதில்லை. ஆகவே கருவே உருவாவதில்லை. 'உருவான கருவை இது மாதாமாதம் கலைக்கிறது, அது பாவம்' என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. கரு உருவாகாமல் தடுப்பதுதான் இதன் முக்கிய வேலை.

இன்னொரு வகையும் உண்டு. அதில் செம்புக்குப் பதிலாக லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் மருந்து இருக்கும். 1990இல் பின்லாந்து நாட்டில் முதலில் விற்பனைக்கு வந்தது. இது கருப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவை உள்ளே விடாமல் தடுக்கும். மாதவிடாய் உதிரத்தையும் மிகவும் குறைத்துவிடும். காப்பர் டியைவிட விலை அதிகம். எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலும் கிடைப்பதில்லை.

வளையத்தின் நன்மைகள் என்னவென்று எண்ணிப் பார்ப்போம். நூறு பெண்கள் ஓர் ஆண்டு காப்பர் டி வைத்திருந்தால், அவர்களில் கருத்தரிப்பவர் ஒருவருக்கும் குறைவு. மாத்திரையும் நல்ல முறைதான். ஆனால் மறந்துபோவது மனித இயல்பு. நடைமுறையில் மாத்திரை சாப்பிடும் நூறு பேரில் ஏழு பேர் வரை ஓர் ஆண்டுக்குள் கருத்தரித்துவிடுகிறார்கள். விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளையைக் குழந்தைக் காப்பகத்தில் விட்டு, பிரட்டுக்கு ஓடும் தாய்க்குத் தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை சாப்பிடுவது லேசான காரியமா? காப்பர் டி 380 என்ற வகையை ஒருமுறை வைத்தால் பத்து ஆண்டுகள் வரை வேலை செய்யும். ஐந்தாண்டு வகையும் உண்டு. பால் கொடுக்கும் தாய்க்கும் இது ஏற்றது, தாய்ப்பாலைக் குறைக்காது. எடுத்த உடனே மீண்டும் கருத்தரிக்கும் சக்தி வந்துவிடும். ஊசிமருந்து போட்டுக்கொண்டவர்களுக்கு நிறுத்திய பிறகும் கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம். வளையத்தில் அந்தத் தாமதம் கிடையாது.

இனி, மறைக்காமல் சொல்ல வேண்டிய சங்கடங்கள்.

முதலாவது உதிரப்போக்கு. காப்பர் டி வைத்த முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் மாதவிடாய் முன்பைவிட அதிகமாகவும் நீண்ட நாளும் போகலாம். வயிற்றைப் பிசைவதுபோல வலிக்கலாம். இடையில் சிறிது கறைபடலாம். பெரும்பாலோருக்கு இது நாளடைவில் குறையும். பட்டணத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணுக்கு இது ஒரு தொல்லை மட்டுமே. மலைச்சரிவில் எட்டு மணி நேரம் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கோ, பக்கத்தில் கழிப்பறை இல்லாத மலையில் துணி மாற்றவும் இடமில்லை. ஒரு நாள் போகாவிட்டால் பேர் விழாது, சம்பளம் இல்லை. ஆகவே தோட்டத்துப் பெண் இதை முன்கூட்டியே யோசித்துத் தயாராக வேண்டும்.

அதைவிட முக்கியம் இரத்தசோகை. தோட்டத்துப் பெண்களில் பலர் ஏற்கனவே இரத்தம் குறைந்தவர்கள். கண்ணின் கீழ் இமையும் நாக்கும் வெளிறியிருப்பது, ஏற்றம் ஏறும்போது மூச்சு வாங்குவது, எப்போதும் அசதி ஆகியவை இதன் அடையாளம். இப்படிப்பட்டவர்களுக்கு மாதாமாதம் உதிரம் அதிகமாகப் போனால் நிலைமை மோசமாகும். இரத்தசோகை உள்ளவர்கள் காப்பர் டி வைக்கவே கூடாது என்பதில்லை. ஆனால் முதலில் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். முருங்கைக்கீரை, பருப்பு, கருவாடு, ஈரல் ஆகியவற்றை உணவில் சேருங்கள். சாப்பிட்டவுடன் தேத்தண்ணி குடிக்கும் பழக்கத்தை விடுங்கள். தேயிலைச் சாயம் உணவில் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது கழித்துக் குடியுங்கள். மாதவிடாய் எப்போதுமே மிக அதிகமாகப் போகிறவர்கள் காப்பர் டியை விட்டு, ஹார்மோன் வளையம் கிடைக்குமா என்று கேட்கலாம். அல்லது வேறு முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாவது, நூறு பேரில் ஐந்து பேர் அளவில் வளையம் தானாகவே கழன்று வெளியே வந்துவிடலாம். பெரும்பாலும் முதல் சில மாதங்களில், மாதவிடாயின்போது இது நேரும். கவனிக்காமல் விட்டால், வளையம் இருக்கிறது என்ற நம்பிக்கையிலேயே பிள்ளை தங்கிவிடும். அதற்காகத்தான் நூல் இருக்கிறது. ஒவ்வொரு மாதவிடாய் முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, விரலால் நூல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நூல் தட்டுப்படாவிட்டாலும், முன்பைவிட நீளமாகத் தெரிந்தாலும், கெட்டியான பிளாஸ்டிக் தட்டுப்பட்டாலும் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். அதுவரை ஆணுறை பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, வைக்கும்போது கருப்பைச் சுவரில் துளை விழும் அபாயம். ஆயிரத்தில் ஓரிருவருக்கு மட்டுமே நேரக்கூடியது. பயிற்சி பெற்ற டாக்டரோ நர்ஸோ வைத்தால் மிகவும் அரிது. நான்காவது, கிருமித் தொற்று. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 'டால்கன் ஷீல்டு' என்ற ஒருவகைச் சாதனம் விற்பனைக்கு வந்தது. அதன் நூல் பல இழைகளைச் சேர்த்துச் செய்தது. அந்த இழைகளின் வழியே கிருமிகள் கருப்பைக்குள் ஏறின. பெண்கள் பலர் கடுமையான நோய்ப்பட்டார்கள்; சிலர் இறந்தும் போனார்கள். 1974இல் அதன் விற்பனை அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. வளையம் என்றாலே ஆபத்து என்ற பேச்சு உலகமெங்கும் பரவியதற்கு அது ஒரு பெரிய காரணம். இன்றைய வளையத்தின் நூல் ஒற்றை இழையால் ஆனது. தொற்று ஏற்படுவதானால் பெரும்பாலும் வைத்த முதல் மூன்று வாரங்களுக்குள் ஏற்படும்.

ஆகவே சில அபாய அறிகுறிகளை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு அடிவயிற்றுவலி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மாதவிடாய் தள்ளிப்போதல், ஒரு பக்கமாகக் கடுமையான வலியோடு மயக்கம். இவற்றில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வளையம் இருக்கும்போது கருத்தரிப்பது மிக அரிது. அப்படித் தரித்துவிட்டால், கரு சில சமயம் கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கிவிடக்கூடும். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

யாருக்கு வளையம் ஆகாது? கர்ப்பமாக இருப்பவர்கள், அல்லது அந்தச் சந்தேகம் உள்ளவர்கள். கருப்பையிலோ கருக்குழாயிலோ தற்சமயம் கிருமித் தொற்று உள்ளவர்கள். காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்கள். கருப்பையின் உள்வடிவம் கட்டியால் மாறியிருப்பவர்கள். கருப்பையில் அல்லது கருப்பை வாயில் புற்றுநோய் உள்ளவர்கள். இவர்கள் முதலில் டாக்டரிடம் சோதித்துச் சிகிச்சை பெற வேண்டும். கணவனுக்கு வேறு பெண் தொடர்பு இருக்குமானால், வளையம் பால்வினை நோயையோ எய்ட்ஸையோ தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அதைத் தடுப்பது ஆணுறை ஒன்றுதான்.

எப்போது வைக்கலாம்? கர்ப்பம் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் எந்த நாளிலும் வைக்கலாம். மாதவிடாய் நாட்களில் அந்த உறுதி எளிதில் கிடைப்பதால் பலர் அப்போது வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றால், 48 மணி நேரத்துக்குள் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். அப்படி வைப்பது கழன்று விழும் வாய்ப்பு சற்று அதிகம். ஆனால் மலைமேலிருந்து இன்னொரு முறை வண்டி பிடித்து வர முடியாதவர்களுக்கு அது பெரிய வசதி. அந்த 48 மணி நேரம் தவறினால் நான்கு வாரம் பொறுக்க வேண்டும். பிரசவ வலியில் துடிக்கும்போது இதைப் பற்றிப் பேசி முடிவெடுக்க முடியாது. கர்ப்பகால சோதனைக்குப் போகும்போதே பேசி முடிவு செய்யுங்கள்.

வைப்பதற்குச் சில நிமிடங்களே ஆகும். அறுவை கிடையாது, தையல் கிடையாது. வைக்கும்போது சுருக்கென்று வலிக்கும். பிறகு ஓரிரு நாள் வயிறு பிசையலாம். வேலைக்கு மறுநாளே போகலாம் என்றாலும், முடிந்தவர்கள் ஓய்வு நாளுக்கு முந்தின நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டால் நல்லது. நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் ஒருமுறை திரும்பப் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். வைத்த தேதியும் எடுக்க வேண்டிய ஆண்டும் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டையோடு பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டில் தோட்டம் மாறலாம், ஊர் மாறலாம். அந்த அட்டை இருந்தால் எந்த ஊர் டாக்டரும் புரிந்துகொள்வார்.

சில வதந்திகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். வளையம் மேலே ஏறி நெஞ்சுக்கோ தலைக்கோ போய்விடுமா? போகாது. கருப்பை மேற்புறம் மூடிய பை. அங்கிருந்து நெஞ்சுக்கு வழி ஏது? கொழுந்துக் கூடை சுமந்தால், பால் வாளி தூக்கினால், மலை ஏறி இறங்கினால் விழுந்துவிடுமா? விழாது. கருப்பை சுருங்குவதால்தான் சிலருக்குக் கழலுகிறது, சுமையால் அல்ல. கணவனுக்கு நூல் குத்துமா? சிலருக்கு முதலில் தெரியலாம். நூலைச் சற்றுக் குட்டையாக வெட்டிவிட்டால் சரியாகிவிடும். புற்றுநோய் வருமா? வளையத்தால் புற்றுநோய் வருவதில்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இங்கே கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. குடும்பத் திட்டம் என்றால் பெண்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்று சட்டமில்லை. ஆணுறை இருக்கிறது. இனிப் பிள்ளை வேண்டாம் என்று இருவரும் உறுதியாக முடிவு செய்துவிட்டால், ஆண்களுக்கான அறுவை பெண்களுக்கானதைவிடச் சிறியது, சுலபமானது. அதனால் ஆண்மை குறையாது. உழைக்கும் சக்தியும் குறையாது. மனைவி வளையம் வைத்துக்கொண்டால், முதல் சில மாதங்கள் அவருக்கு அசதி இருக்கும். தண்ணீர் எடுப்பது, விறகு கொண்டுவருவது, பிள்ளையைத் தூக்குவது போன்ற வேலைகளில் கை கொடுங்கள். கிளினிக்குக்கு அவரோடு கூடப் போங்கள்.

கடைசியாக, கிளினிக்குக்குப் போகும் தாய்மார் தயங்காமல் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள். 'எனக்கு வைக்கப்போவது எந்த வகை, எத்தனை ஆண்டுக்கு?' 'என் இரத்தம் எவ்வளவு இருக்கிறது?' 'எனக்கு வேறு என்னென்ன முறைகள் பொருந்தும்?' 'ஒத்துவராவிட்டால் எங்கே வந்து எடுத்துக்கொள்ளலாம்?' இவற்றில் நான்காவது கேள்வி மிக முக்கியம். எடுக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு என்றும் உண்டு. காரணம் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை. 'இன்னும் கொஞ்ச நாள் பொறும்மா' என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், மறுபடியும் போய்க் கேளுங்கள். நீங்களாக நூலைப் பிடித்து இழுத்து எடுக்க மட்டும் முயல வேண்டாம்.

சிங்கப்பூரில் எஸ். எஸ். ரத்னம் என்ற பேராசிரியர் இருந்தார். இலங்கையில் பிறந்த தமிழர். பிள்ளை வேண்டாம் என்பவர்களுக்கான கருத்தடை முறைகளை ஆராய்ந்தவரும் அவர். பிள்ளை இல்லையே என்று ஏங்கியவர்களுக்காக 1983இல் அந்நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்க வழி செய்தவரும் அவர். இரண்டும் எதிரெதிரான வேலைகள் அல்ல. வேண்டிய காலத்தில், வேண்டிய அளவில், தாயும் சேயும் நலமாக இருக்கும்படி பிள்ளை பெற வேண்டும் என்பதே இரண்டுக்கும் நோக்கம். ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடையே குறைந்தது இரண்டு ஆண்டாவது இடைவெளி இருந்தால்தான் தாயின் உடம்பு தேறும். மடியில் இருக்கும் பிள்ளைக்கும் போதிய பாலும் கவனிப்பும் கிடைக்கும்.

அந்த இடைவெளியைத் தரும் வழிகளில் வளையம் ஒரு நல்ல வழி. அது ஒன்றுதான் வழி என்பதில்லை. தீர விசாரித்து, உங்கள் உடம்புக்கு ஏற்றதை நீங்களே தேர்ந்தெடுங்கள்.